ஒரே அலைவரிசையில் 24 கருவிகள்: அடையாளத் தொடர்களை வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் வேலையாட்களின் வருகையைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், மேற்பார்வையாளரான தண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. நேரத்தைப் பங்குபோட்டுப் பேசும் முறை இது. பெரட்டு கலைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனாலும் பழகிய குரலைக் காது தனியே பிரித்து எடுத்துவிடுகிறது. குறியீட்டைப் பங்குபோடும் வயர்லெஸ் முறை, அதாவது சிடிஎம்ஏ, இந்த இரண்டாவது வகை. எல்லாக் கருவிகளும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளத் தொடர் உண்டு. பெறுநருக்கு அந்தத் தொடர் தெரியும் என்பதால் அதற்குரிய குரலை மட்டும் பிரித்தெடுக்கிறது.

இந்தத் தொடர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் தண்ணீர்த் தொட்டி, பம்ப், வாய்க்கால் நீர்மட்டம், மழைமானி, மண் ஈரம் என்று 24 அளவீட்டுக் கருவிகள். எல்லாம் ஆலையின் தண்ணீர்க் கோபுரத்தில் உள்ள ஒரே பெறுநருக்கு அனுப்ப வேண்டும். அருகில் உள்ள கருவி 200 மீட்டரில், தூரத்தில் உள்ளது 3 கிலோமீட்டரில்.

அளவீடு வந்து சேர்ந்தால் போதும் என்பவர் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் லோரா என்ற ரேடியோ மாடியூலை வாங்கிப் பொருத்துவதே நல்லது. மென்பொருள் ரேடியோவிலோ எஃப்பிஜிஏவிலோ (உள்சுற்றை நாமே அமைக்கும் சில்லு) சொந்தமாக அமைப்பைக் கட்டுகிற மாணவர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி.

பலர் முதலில் 'கோல்டு தொடர்' என்றோ 'வால்ஷ் தொடர்' என்றோ முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் தோட்டத்தின் தூரங்களைப் பார்க்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. கருவிகள் எவ்வளவு நேரம் தப்பி வருகின்றன, எவ்வளவு பலம் வேறுபட்டு வருகின்றன என்ற இரண்டும்தான் எந்தக் குடும்பத் தொடர் உதவும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

படி 1: தொடருக்கு முன் நான்கு எண்கள்

முதலாவது, சிப் வேகம். ஒரு பிட்டைப் பல சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தொடரின் +1 அல்லது −1 ஆல் பெருக்குகிறோம். அந்தத் துண்டுதான் சிப். பெறுநர், வந்த சிப்களைத் தன்னிடம் உள்ள தொடரோடு ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகைதான் ஒட்டுறவு, தொடர் பொருந்தும் இடத்தில் அது உச்சமாக எழும். உதாரணத்தில் விநாடிக்கு 10 லட்சம் சிப் என்று வைப்போம். அப்போது ஒரு சிப் 1 மைக்ரோவிநாடி. அந்த நேரத்தில் ரேடியோ அலை 300 மீட்டர் ஓடும். பட்டையைச் சுருக்கும் ரூட் ரெய்ஸ்டு கோசைன் வடிகட்டியில் ரோல்-ஆஃப் (கூடுதல் அகலத்தின் பங்கு) 0.25 வைத்தால் பட்டை அகலம் 1.25 மெகாஹெர்ட்ஸ். மலேசியாவில் சிறு கருவிகளுக்கான பட்டைகளில் ஒன்று 919 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அனுமதிக்கப்பட்ட திறன், பட்டை எல்லை இரண்டையும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் நடப்பு வகுப்பு ஒதுக்கீட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்குக்கு நடு அலைவரிசையை 920 மெகாஹெர்ட்ஸ் என்று எடுக்கிறோம்.

இரண்டாவது, நேரத் தப்பு. 3 கிலோமீட்டருக்கு 10 மைக்ரோவிநாடி, அதாவது 10 சிப். பெறுநர் அனுப்பும் நேர அறிவிப்பான பீக்கனைக் கேட்டு எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன என்றால் தப்பு இரட்டிப்பாகும். தூரக் கருவிக்கு பீக்கன் 10 சிப் தாமதமாகப் போகிறது, அதன் பதில் இன்னொரு 10 சிப் தாமதமாக வருகிறது. ஆக 20 சிப். பீக்கனே இல்லை என்றால் நேரத் தப்புக்கு எல்லையே இல்லை, தொடரின் எந்த இடத்திலும் விழலாம்.

மூன்றாவது, பல வேறுபாடு. 200 மீட்டருக்கும் 3 கிலோமீட்டருக்கும் விகிதம் 15. திறந்த வெளியில் இது 23.5 டெசிபெல் வேறுபாடு. மரக்கூட்டத்துக்குள் தாழ்வான ஆன்டெனாக்கள் என்றால் தூரத்தின் நான்காம் படியில் பலம் குறைவதாக வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. அப்போது 47 டெசிபெல்.

நான்காவது, ரேடியோவின் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகத்தின் பிழை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) பிழையுள்ள படிகம் 920 மெகாஹெர்ட்ஸில் 9.2 கிலோஹெர்ட்ஸ் தப்பும். 127 சிப் நீளமுள்ள ஒரு பிட் 127 மைக்ரோவிநாடி நீடிக்கிறது. அந்த நேரத்துக்குள் அலையின் கட்டம் 1.17 சுற்றுச் சுழன்றுவிடும். முழுச் சுற்றுச் சுழன்றால் கூட்டுத்தொகை ஏறக்குறையப் பூச்சியம். தொடர் எவ்வளவு அருமையாக இருந்தாலும் திரையில் உச்சமே வராது. வெப்பம் ஈடுசெய்யும் 1 பிபிஎம் படிகத்தை இரு முனையிலும் போட்டால், இரண்டு பிழையும் ஒரே திசையில் சேர்ந்தாலும் இழப்பு 0.8 டெசிபெல்தான். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இது.

படிகப் பிழை நேரத்தையும் இழுக்கும். 1,000 பிட் கொண்ட பொட்டலம் 127 மில்லிவிநாடி ஓடுகிறது. 2 பிபிஎம் பிழையில் அதற்குள் கால் சிப் நழுவும், 20 பிபிஎம் பிழையில் இரண்டரை சிப் நழுவி நடுவிலேயே பிடி விட்டுப்போகும். பொட்டலத்தின் முதல் பாதி சரியாகவும் பின்பாதி குப்பையாகவும் வந்தால் தொடரைக் குறை சொல்லாதீர்கள், படிகத்தைப் பாருங்கள்.

படி 2: நேரத் தப்புக்கு ஏற்ற குடும்பம்

வால்ஷ் தொடர்கள் ஒன்றுக்கொன்று முழுச் செங்குத்து. எல்லாம் ஒரே சிப்பில் தொடங்கினால் குறுக்கீடு பூச்சியம். ஆனால் நான்கு சிப் நீளமுள்ள ++−− என்ற வால்ஷ் தொடர் ஒரு சிப் தாமதமாக வந்தால் என்ன ஆகும்? முந்தைய பிட்டும் அதே பிட் என்றால், பெறுநர் பார்ப்பது −++−. அது +−−+ என்ற இன்னொரு வால்ஷ் தொடரின் நேர் எதிர். ஒரு சிப் தப்பியதும் ஒரு கருவியின் குரல் அப்படியே அடுத்த கருவியின் குரலாகிவிடுகிறது. செல்பேசியில் வால்ஷ் தொடர்கள் நன்றாக வேலை செய்ததற்குக் காரணம், கோபுரத்திலிருந்து கைப்பேசிக்குப் போகும் திசையில் எல்லாத் தொடர்களும் ஒரே ஆன்டெனாவிலிருந்து ஒன்றாகக் கிளம்பின. ஐஎஸ்-95 என்ற பழைய சிடிஎம்ஏ செல்பேசி அமைப்பில் 64 வால்ஷ் தொடர்கள் இப்படித்தான் பயன்பட்டன. நம் கருவிகள் எதிர்த்திசையில் அனுப்புகின்றன, 24 இடங்களிலிருந்து கிளம்புகின்றன. 10 சிப் தப்பும்போது வால்ஷ் நமக்கு உதவாது.

எவ்வளவு தப்பினாலும் குறுக்கீடு ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்றால் கோல்டு அல்லது கசாமி தொடர்கள். ராபர்ட் கோல்டு 1967இல் கொடுத்த முறை இன்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீளம் 1,023 சிப், வேகம் விநாடிக்கு 10.23 லட்சம் சிப்.

கசாமியின் சிறு தொகுதி இன்னும் சுத்தமானது, ஆனால் எண்ணிக்கை குறைவு. நீளம் 63இல் 8 தொடர்கள், 255இல் 16 தொடர்கள்தான். கருவிகள் 16க்குள் அடங்கி, பாதி வேகம் போதும் என்றால் கசாமி 255ஐ எடுங்கள். அதன் மோசமான ஒட்டுறவு 255இல் 17, அதாவது −23.5 டெசிபெல். நமக்கு 24 வேண்டும், ஆகவே கோல்டு 127. மோசமான ஒட்டுறவு 127இல் 17, −17.5 டெசிபெல். கோல்டு 255 என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தொடரை உருவாக்கும் பதிவேட்டின் நீளம் (255க்கு 8 பிட்) 4இன் மடங்காக இருந்தால் கோல்டுக்கு வேண்டிய விருப்ப இணை (படி 3இல் பார்ப்போம்) கிடைக்காது.

17ஐ இன்னும் குறைக்க முடியாதா? செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஏக்கருக்கு இன்னும் ஒரு மரம் கூட்டினால் ஏதோ இரண்டு மரங்கள் நெருங்கியே ஆக வேண்டும். தொடர்களுக்கும் அதே நெருக்கடி. வெல்ச் 1974இல் கொடுத்த எல்லைப்படி, 127 நீளத்தில், கோல்டு தொகுதியில் உள்ளதுபோல் 129 தொடர்கள் வைத்தால் மோசமான ஒட்டுறவு 11.2க்குக் கீழே போகாது. +1, −1 மட்டுமே என்ற கட்டுப்பாட்டோடு சிடெல்னிகோவ் எல்லை அதை 15.9க்கு உயர்த்துகிறது. கோல்டின் 17 ஏறக்குறைய அந்த விளிம்பில் நிற்கிறது. முழுத் தொகுதியை இதைவிடச் சிறப்பாக்க வழியில்லை. ஆனால் 129இல் நமக்குப் பொருந்தும் 24ஐப் பொறுக்குவதில் நிறைய லாபம் இருக்கிறது. அது படி 5.

படி 3: கையால் ஒரு முறை, 31 சிப்பில்

கணினியிடம் போகும் முன் ஒரு தாளில் இதைச் செய்து பாருங்கள். அரை மணி நேரம் ஆகும், பின்னால் பல நாள் மிச்சமாகும்.

முதல் தொடர்: 00001 என்று தொடங்குங்கள். அடுத்த ஒவ்வொரு பிட்டும், 3 இடம் முன்னால் வந்த பிட்டும் 5 இடம் முன்னால் வந்த பிட்டும் மாடுலோ 2இல் (1 + 1 = 0 என்று) கூடியது. கிடைப்பது:

00001 00101 10011 11100 01101 11010 1

31 பிட் முடிந்ததும் மறுபடி 00001 வர வேண்டும். 1கள் 16, 0க்கள் 15. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் எங்கோ கூட்டல் பிழை.

இரண்டாவது தொடர்: அதே 00001. இப்போது 1, 2, 3, 5 இடம் முன்னால் வந்த நான்கு பிட்டுகளைக் கூட்டுங்கள்:

00001 10010 01111 10111 00010 10110 1

இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து ஒப்பிடுங்கள். 15 இடங்களில் ஒத்துப்போகின்றன, 16 இடங்களில் மாறுகின்றன. ஒட்டுறவு 15 − 16 = −1. இரண்டாவதை ஓர் இடம் இடப்புறம் சுழற்றி மறுபடி ஒப்பிடுங்கள். 19 இடங்கள் ஒத்து, 12 மாறும். ஒட்டுறவு 7. இப்படி 31 நகர்வுகளையும் பார்த்தால் −1, 7, −9 என்ற மூன்றே எண்கள் வரும். −1 பதினைந்து முறை, 7 பத்து முறை, −9 ஆறு முறை. இந்த இணைக்கு விருப்ப இணை என்று பெயர். 31 நகர்வுகளிலும் முதல் தொடரோடு பிட் பிட்டாகக் கூட்டினால் 31 புதிய தொடர்கள், மூல இரண்டையும் சேர்த்து 33. அதுதான் கோல்டு தொகுதி.

ஓர் இடம் சுழற்றிக் கூட்டியதை எழுதிப் பாருங்கள்:

00010 00001 01100 10010 01000 10111 1

இதில் 1கள் 12, 0க்கள் 19. சமநிலை இல்லை. சுழற்றாமல் கூட்டியதில் 16க்கு 15, சமநிலை உண்டு. இந்த வித்தியாசம் படி 5இல் தேவைப்படும்.

படி 4: 127க்கு ஏற்றுதல்

ஏழு பிட் பதிவேடு இரண்டு. முதலாவதில் 4, 7 இடம் முன்னால் உள்ள பிட்டுகளைக் கூட்டுங்கள். இரண்டாவதில் 4, 5, 6, 7 இடம் முன்னால் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இவை விருப்ப இணை. 127 நகர்வுகளுக்கும் ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். பைத்தானின் கணித நூலகமான நம்பையில் ஒன்றின் ஃபூரியர் மாற்றத்தை மற்றதன் இணைச் சிக்கலெண்ணோடு பெருக்கி, தலைகீழ் மாற்றம் எடுத்தால் ஒரே வரியில் முடியும்.

வர வேண்டிய விடை: −1 அறுபத்து மூன்று முறை, 15 முப்பத்தாறு முறை, −17 இருபத்தெட்டு முறை. வேறு எந்த எண் வந்தாலும் மேலே போகாதீர்கள். வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஒரு பதிவேட்டை ஃபிபோனாச்சி வடிவிலும் மற்றதை கால்வா வடிவிலும் (பதிவேட்டை இணைக்கும் இரண்டு வேறு முறைகள்) எழுதி, இணைப்பு எண்களை மாற்றாமல் விட்டுவிடுவது. அப்போது ஒரு தொடர் முன்பின்னாகத் திரும்பிவிடுகிறது, இணையும் விருப்ப இணையாக இருக்காது. மற்றது, 0ஐ +1 ஆகவும் 1ஐ −1 ஆகவும் மாற்றாமல், 0, 1 ஆகவே பெருக்கிவிடுவது.

வன்பொருளுக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 127 பிட்டை 16 பைட்டாக அடுக்கும்போது, அனுப்புநர் பெரிய பிட்டிலிருந்தும் பெறுநர் சின்ன பிட்டிலிருந்தும் படித்தால் ஒவ்வொரு எட்டுச் சிப்பும் திரும்பிவிடும். கணினிச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்து கருவியில் மட்டும் உச்சம் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 5: 129இலிருந்து 24

பொறுமை அதிகம் தேவைப்படும் படி இது.

முதல் சல்லடை, சமநிலை. 129இல் 65 தொடர்களில் 1கள் 64, 0க்கள் 63. மற்றவை ஒரு பக்கம் சாய்ந்தவை. விலை குறைந்த ரேடியோக்கள் நடு அலைவரிசையில் வரும் டிசி கசிவை வெட்டி எறிகின்றன. சாய்ந்த தொடரின் ஆற்றலில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து போய்விடும். சமநிலையுள்ள 65ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சல்லடை, ஒற்றை ஒட்டுறவு. கோல்டின் 17 என்ற உறுதிமொழி, பக்கத்துக் கருவி ஒரே பிட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும்வரைக்கும்தான். நடைமுறையில் நம் பிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் அந்தக் கருவியின் பிட் +1இலிருந்து −1க்கு மாறும். மாறிய இடத்திலிருந்து அதன் சிப்கள் எல்லாம் குறி மாறுகின்றன. ஒட்டுறவை மாற்றத்துக்கு முந்தைய பகுதி, பிந்தைய பகுதி என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டையும் கூட்டினால் இரட்டை ஒட்டுறவு, அது 17ஐத் தாண்டாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஒற்றை ஒட்டுறவு, அதற்கு அந்த வரம்பு கிடையாது. பாதிக்குப் பாதி நேரம் பிட் மாறுகிறது என்பதால், இரட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்தவர் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார்.

ஒற்றை ஒட்டுறவைக் குறைக்கும் சாவி, தொடரின் தொடக்க இடம். ஒரு தொடரை 127 இடங்களில் எங்கிருந்து தொடங்கினாலும் அதன் இரட்டை ஒட்டுறவு மதிப்புகளும் சமநிலையும் மாறுவதில்லை. ஒற்றை ஒட்டுறவு மாறும். ஆகவே செய்ய வேண்டியது: ஒவ்வொரு தொடருக்கும் 127 தொடக்கங்களையும் முயன்று, தன் ஒற்றைச் சுய ஒட்டுறவின் (தன் நகர்ந்த வடிவத்தோடு உள்ள ஒட்டுறவு) பக்க உச்சம் மிகக் குறைவாக உள்ளதைப் பிடித்துவையுங்கள். 65இல் மிகச் சிறந்ததை முதல் கருவிக்குக் கொடுங்கள். பிறகு மிச்சமுள்ளவற்றில், ஏற்கெனவே எடுத்தவற்றோடு குறுக்கு ஒட்டுறவின் வர்க்கச் சராசரி மிகக் குறைவாக உள்ளதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 24 கருவிகளுக்கு 276 இணைகள்தான். சாதாரண மடிக்கணினி சலிக்காமல் செய்துவிடும்.

எதைக் குறைக்க வேண்டும், உச்சத்தையா சராசரியையா என்று அடிக்கடி குழப்பம் வரும். தகவல் பிட்டுகளின் பிழையைச் சராசரி தீர்மானிக்கிறது, ஏனென்றால் 23 கருவிகளின் குறுக்கீடும் கூடித்தான் தொல்லை தருகிறது. பொட்டலத்தின் முன்னோடிப் பகுதியைத் தேடிப் பிடிக்கும்போது உச்சம் தீர்மானிக்கிறது, ஏனென்றால் ஒரே ஒரு பொய் உச்சம் போதும், பெறுநர் தவறான இடத்தில் பூட்டிக்கொள்ளும். எனவே சராசரியால் வரிசைப்படுத்தி, உச்சம் மிகப் பெரிதாக உள்ள இணைகளை மட்டும் கழித்துவிடுங்கள்.

படி 6: குறுக்கீட்டுக் கணக்கு

எம். பி. பர்ஸ்லி 1977இல் கொடுத்த தோராயம் கையிலேயே போடக்கூடியது. எல்லோரும் சம பலத்தில் வருகிறார்கள், நேரத் தப்பு சீரற்றது என்றால்: மற்றவர்களின் எண்ணிக்கையைத் தொடர் நீளத்தின் மூன்று மடங்கால் வகுங்கள். அதோடு இரைச்சல் பங்கைக் கூட்டுங்கள். ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது சமிக்ஞை விகிதம்.

இரைச்சலை விட்டுவிட்டால், 23ஐ 381ஆல் வகுக்க 0.060. விகிதம் 16.6, அதாவது 12.2 டெசிபெல். பிட் பிழை ஏறக்குறைய லட்சத்துக்கு 2 முதல் 3. பிட் ஆற்றல் இரைச்சலைவிட 10 டெசிபெல் அதிகம் என்று இரைச்சலையும் சேர்த்தால், பங்கு 0.05 கூடி 9.6 டெசிபெல்லாகிறது. பிட் பிழை ஆயிரத்துக்கு 1 முதல் 2. பிழை திருத்தும் அரை வீதக் கன்வல்யூஷன் குறியீடு ஒன்றைச் சேர்த்தால் இது தாங்கும். தகவல் வேகம் விநாடிக்கு 7,874 பிட், குறியீடு போட்டபின் அதில் பாதி. தொட்டி மட்டத்துக்கும் மழை அளவுக்கும் இது தாராளம்.

இப்போது ஒரே ஒரு கருவி மற்றவற்றைவிட 20 டெசிபெல் பலமாக வரட்டும். அது தனியாளாக 100 பேருக்குச் சமம். 22 + 100 = 122ஐ 381ஆல் வகுக்க 0.32. விகிதம் 4.9 டெசிபெல், பிழை நூற்றுக்கு 4. இது 20 டெசிபெல்லுக்கே. நம் தோட்டத்தில் வேறுபாடு 47 வரை போகலாம் என்று படி 1இல் பார்த்தோம். 17.5 டெசிபெல் பிரித்துக் கொடுக்கும் தொடரால் 47ஐச் சமாளிக்க முடியாது. தொடரை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். பலத்தைச் சமப்படுத்துவது ஒன்றே வழி.

படி 7: பலத்தைச் சமப்படுத்துதல்

ஐஎஸ்-95 கைப்பேசிகளின் திறனைக் கோபுரம் விநாடிக்கு 800 முறை திருத்தியது, ஒவ்வொரு முறையும் 1 டெசிபெல். நகரும் காரில் அது தேவை. செம்பனை நகர்வதில்லை. மழையில் ஓலை நனையும்போதும், பழக்குலை லாரி குறுக்கே நிற்கும்போதும்தான் பாதை மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு திருத்தம் போதும். பீக்கனின் பலத்தை வைத்துக் கருவி தன் தொடக்கத் திறனை முடிவு செய்யட்டும், பிறகு பெறுநர் 'ஒன்று கூட்டு, ஒன்று குறை' என்று சொல்லட்டும். இலக்கு, எல்லோரும் 2 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டும்.

பல ரேடியோ சில்லுகள் 30 டெசிபெல் அளவுக்குத்தான் திறனைக் குறைக்க விடும். மிச்சம் உள்ள 17ஐ வேறு வழியில் எடுக்க வேண்டும். அருகில் உள்ள கருவிகளின் ஆன்டெனா வழியில் பலத்தைக் குறைக்கும் 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் பொருத்துவது எளிது. அதற்கும் இடமில்லை என்றால் பெரட்டு முறையைக் கொஞ்சம் கடன் வாங்குங்கள்: 1 கிலோமீட்டருக்குள் உள்ளவை ஒரு நேரப் பகுதியில், வெளியே உள்ளவை அடுத்த பகுதியில். இரண்டும் கலந்த அமைப்பு நன்றாகவே ஓடும்.

பெறுநர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற 8 பிட் மென்பொருள் ரேடியோ என்றால் இன்னும் கவனம் வேண்டும். 8 பிட்டுக்குள் அடங்கும் பல வேறுபாடு 50 டெசிபெல்லைத் தொடாது. பலமான கருவி அளவுகோல் முழுவதையும் பிடித்துக்கொண்டால், பலவீனமானது கடைசி ஒரு பிட்டுக்குள் மறைந்துவிடும். 12 பிட் உள்ள புளூட்டோ எஸ்டிஆர் இந்த வேலைக்குப் பொருத்தம்.

நேரம் ஒத்துப்போனால் திறக்கும் வேறு வழிகள்

பீக்கன் உண்டு, தப்பு 20 சிப்புக்குள் என்று உறுதி உண்டு என்றால் ஜாடாஃப்–சூ தொடரை யோசிக்கலாம். 4ஜி எல்டிஇ கைப்பேசிகள் கோபுரத்தை முதன்முதலில் அழைக்கும்போது 839 நீளமுள்ள இந்தத் தொடரைத்தான் அனுப்புகின்றன. ஒரே தொடரைச் சுழற்றிச் சுழற்றிப் பலருக்குக் கொடுக்கலாம், சுழற்சிகளுக்கு இடையே ஒட்டுறவு பூச்சியம். 839ஐ 24ஆல் வகுத்தால் ஒவ்வொருவருக்கும் 34 சிப் இடம். போய்வரும் தாமதம் 34 மைக்ரோவிநாடி, ஆகவே 5.1 கிலோமீட்டர் ஆரம்வரை குறுக்கீடு இல்லை. சுழற்சி முன்னொட்டாக, அதாவது தொடரின் கடைசித் துண்டை முன்னாலும் ஒட்டி, 34 சிப் சேர்த்தால் வேகம் விநாடிக்கு 1,145 பிட்.

இதன் பலவீனம் அலைவரிசைத் தப்பு. ஒரு பிட் நேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று என்பது 1,192 ஹெர்ட்ஸ். அந்த அளவு தப்பினால் உச்சம் அப்படியே வேறோர் இடத்துக்குத் தாவும், தொடரைத் தீர்மானிக்கும் வேர் எண்ணைப் பொறுத்து அடுத்த கருவியின் இடத்திலேயே விழலாம். 920 மெகாஹெர்ட்ஸில் 1 பிபிஎம் என்பதே 920 ஹெர்ட்ஸ். வேர் எண் 1 எடுத்தால் தாவல் ஒரு சிப்தான், தன் இடத்துக்குள்ளேயே அடங்கும். பீக்கனைப் பிடித்துக் கருவி தன் அலைவரிசையைத் திருத்திக்கொள்வது அதைவிட நல்லது.

ஒவ்வொரு கருவியும் தன் தாமதத்தை முன்கூட்டியே கழித்து, சிப்பின் சிறு பகுதிக்குள் எல்லாம் ஒத்துப்போனால், சிப் எண்ணிக்கையைவிட அதிகக் கருவிகளையும் ஏற்றலாம். 2 சிப்பில் 3 பேர் எப்படி? மூன்று இறக்கை மின்விசிறியைப் பாருங்கள். தளத்தில் மூன்று திசைகள், 120 பாகை இடைவெளி, எந்த இரண்டுக்கும் ஒட்டுறவு −0.5. ஒட்டுறவு வர்க்கங்களின் மொத்தம் 4.5. வெல்ச் எல்லை சொல்வதும் 3இன் வர்க்கத்தை 2ஆல் வகுத்த அதே 4.5. இதைவிடக் குறைக்க முடியாது. ருப்ஃப், மாசி இருவரும் 1994இல், எல்லோரும் சம பலம் என்றால் இப்படி எல்லையைத் தொடும் தொகுதிகளே மொத்தக் கொள்திறனை உச்சமாக்குகின்றன என்று காட்டினார்கள்.

பெரிய அளவில் செய்ய எளிய வழி உண்டு. 32க்கு 32 ஹடமார்டு அணியை (வால்ஷ் தொடர்களின் அட்டவணை) எடுத்து, 24 வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நெடுவரிசைகளைத் தொடர்களாகக் கொடுங்கள். 24 சிப், 32 கருவிகள், எல்லாம் +1, −1. எந்த வரிசைகளை நீக்குகிறீர்கள் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வழக்கமான சில்வெஸ்டர் வடிவத்தில் கடைசி 8 வரிசைகளை நீக்கினால், ஒவ்வொரு தொடரும் மற்ற 3 தொடர்களோடு மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஒட்டுறவு கொள்ளும், மிச்ச 28 தொடர்களோடு பூச்சியம். நான்கு நான்கு பேராகக் குழு பிரிந்துவிடுகிறது. பெறுநர் நான்கு பேரை மட்டும் ஒன்றாக வைத்துப் பிரித்தால் போதும், வேலை மிகவும் குறையும். வரிசைகளைத் தாறுமாறாக நீக்கினாலும் மொத்தம் மாறாது, ஆனால் குறுக்கீடு எல்லோர் மீதும் சிதறிவிடும்.

படி 8: சோதனை

முதலில் கணினியில். லட்சத்துக்கு ஒன்று என்ற பிழையை நம்பிக்கையோடு அளக்க 100 பிழைகளாவது விழ வேண்டும், அதற்கு ஒரு கோடி பிட் ஓட்ட வேண்டும். 10,000 பிட்டில் பிழையே இல்லை என்பது எதையும் நிரூபிக்காது.

அடுத்து கேபிளில். இரண்டு அனுப்புநர்களை இணைப்பான் வழியாக ஒரு பெறுநருக்குக் கொடுங்கள், நடுவில் 60 டெசிபெல் அட்டெனுவேட்டர். அது இல்லாமல் நேரடியாக இணைத்தால் பெறுநரின் முன்முனை எரிந்துபோகலாம். இரண்டையும் சம பலத்தில் வைத்துத் தொடங்கி, ஒன்றை 5 டெசிபெல்லாக ஏற்றிக்கொண்டே போய், மற்றதன் பிழை எந்த இடத்தில் எகிறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிப்புக்கு 2 மாதிரி மட்டும் எடுத்தால் நேரம் கால் சிப் தப்பி 2.5 டெசிபெல் இழப்பு வரும். இடைச்செருகி 4 மாதிரியாக்குங்கள்.

பிறகு தோட்டத்தில். ஓலைக்கூட்டத்துக்கு மேலே கம்பம் எழும்ப வேண்டும், தண்டுகளுக்கு நடுவே வைத்த ஆன்டெனா ஏமாற்றும். பக்கத்து மரங்களின் எதிரொலிகள் 300 மீட்டருக்குள், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிவிடும், தாமதமான எதிரொலிகளைத் தனித்தனியே பிடித்துக் கூட்டும் ரேக் பெறுநர் தேவையில்லை. ஆனால் செம்மோர் பக்கம் போல் சுண்ணாம்புக் குன்று எதிரே நின்றால் அதிலிருந்து பல சிப் தாமதமாக எதிரொலி வரலாம். சுய ஒட்டுறவுத் திரையில் முதல் உச்சத்துக்குப் பின்னால், நகராமல் நிற்கும் இரண்டாவது உச்சம் தெரிந்தால் குன்றைச் சந்தேகியுங்கள். அங்கே அந்த எதிரொலியைப் பிடிக்க ஒரு ரேக் விரல் சேர்ப்பது பயன் தரும். அளவுகளைக் காலையில் ஒரு முறை, மாலை மழை பெய்யும்போதே ஒரு முறை, லாரிகள் ஆலை வாசலில் வரிசை பிடிக்கும் நேரத்தில் ஒரு முறை எடுங்கள். மழை நேர அளவை வைத்தே திறனின் மேல் வரம்பை முடிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறமும் நான்கு விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: இரண்டு பதிவேடுகளின் இணைப்பு எண்கள், நகர்வு எண், தொடக்க இடம், பிட் அடுக்கும் திசை. கருவி பழுதாகி வேறொருவர் மாற்றும்போது, இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அந்தக் கருவி தன் குரலை இழந்துவிடும், மற்ற 23க்கும் வெறும் இரைச்சலாகிவிடும்.